ஐந்து லட்சம் பாலிசி, எட்டாயிரம் ரூபாய் அறை: ஒரு கிளெய்ம் எங்கே வெட்டுப்பட்டது, எவ்வளவு திரும்பி வந்தது

பின்னணி

மதுரையில் இருக்கும் ஒரு தம்பதி. கணவருக்கு 64 வயது, ஒரு தனியார் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 59. ஒரே மகன், மருமகள் இருவரும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். பெயர்களையும் சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரி, காப்பீட்டு நிறுவனம் எவை என்பதையும் விட்டுவிட்டேன். பில் தொகைகளை மட்டும் கணக்குப் பார்க்க வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். கிளெய்ம் வெட்டுப்பட்ட பிறகு அவர்களுடைய காகிதங்களை உட்கார்ந்து படித்துக் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2022 வரை மகன் வேலை பார்த்த கம்பெனியின் குழுக் காப்பீட்டிலேயே அப்பா அம்மாவும் இருந்தார்கள். வேலை மாறியதும் புதுக் கம்பெனியில் மனைவி, குழந்தைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவருக்குத் தனியாகப் பாலிசி தேட வேண்டிய நிலை வந்தது அப்படித்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பார்த்தார்கள், ஆனால் அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும், இவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தை விரித்ததும் இவருக்கு உதவவில்லை.

பாலிசி எடுத்தபோது செய்த தேர்வு

2022 நவம்பரில் கையில் இரண்டு பாலிசிகள் இருந்தன. ஒன்றில் காப்பீட்டுத் தொகை பத்து லட்சம், அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதத்தை நாம் கட்ட வேண்டும், அதாவது கோ-பே. இன்னொன்று ஐந்து லட்சம், கோ-பே கிடையாது, அறை வாடகை மட்டும் ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், ஐசியூவுக்கு 2 சதவீதம். இரண்டாவது பாலிசியின் பிரீமியம் வருஷத்துக்கு ஒன்பதாயிரம் போலக் குறைவு. அதை எடுத்தார்கள்.

மகன் பிறகு சொன்னது, 1 சதவீதம் என்பதை அவர் படித்தார், புரிந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஐயாயிரத்துக்கு மேல் அறை எடுத்தால் மிச்சத்தை நாம் கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டார். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், ஏஜென்ட்டும் திருத்தவில்லை.

அதே ஏஜென்ட் இன்னொரு யோசனையும் சொன்னார்: "சர்க்கரையை எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும், மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க." மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை ஆறு வருடமாக இருக்கிறது, இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முழுதாக எழுதவைத்து, நிரப்பிய விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டார். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான், ஏன் என்று பிறகு வரும்.

விழுந்த இரவு

2025 ஆகஸ்டில் ஒருநாள் இரவு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது, இடுப்பு மூட்டில் பந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றார் எலும்பு மருத்துவர். அந்த ஆஸ்பத்திரி பாலிசியின் கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது நாம் கட்டாமல் நிறுவனமே நேரடியாக ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும் பட்டியலில், இருந்ததா என்பதை மகன் சென்னையிலிருந்தே ஆப்பில் பார்த்துவிட்டார், இருந்தது. விபத்து என்பதால் காத்திருப்புக் காலப் பிரச்சினையும் இல்லை, அதாவது பாலிசி எடுத்த புதிதில் சில நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காலம்.

அட்மிஷன் கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இன்சூரன்ஸ் இருக்கிறதா, எவ்வளவு என்பது. ஐந்து லட்சம் என்றார். அப்படியென்றால் ஏசி சிங்கிள் ரூம் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி ஒரு நாளைக்கு ரூ.8,000 வாடகை உள்ள அறையைப் போட்டார்கள். இரண்டு பேர் இருக்கும் அறை ரூ.4,500. அன்றிரவு அது காலியில்லை, காலையில் ஒன்று காலியாகும் என்றார்கள்.

அம்மா தனி அறைக்குச் சம்மதித்ததில் நியாயம் இருக்கிறது. அசைய முடியாத மனிதர், படுக்கையிலேயே எல்லாம், பக்கத்தில் இன்னொரு குடும்பம் இருந்தால் அவர் கூசிப்போவார் என்று நினைத்தார். வலியில் துடிக்கிற ஆளை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு யாரும் பாலிசி நிபந்தனையைத் தேடிப் படிக்க மாட்டார்கள். முன்பணமாக ரூ.50,000 கட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள்

மறுநாள் காலை கேஷ்லெஸ் விண்ணப்பம் போனது. நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: நோயாளிக்குச் சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது? டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் "ஒன்பது வருடம்" என்று எழுதியிருந்தார். விண்ணப்பத்தில் 2022-ல் ஆறு வருடம். கணக்கு பொருந்தியது, மருமகள் ஸ்கேனை அனுப்பியதும் விஷயம் அரை மணி நேரத்தில் முடிந்தது. அன்றைக்கு அதை மறைத்திருந்தால்? இடுப்பு முறிவுக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான், ஆனாலும் உண்மையை மறைத்தார்கள் என்று சொல்லிப் பாலிசியையே கேள்வி கேட்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்திருக்கும். பாலிசி தொடர்ச்சியாக 60 மாதம் ஓடிய பிறகுதான், மோசடி தவிர மற்றக் காரணங்களுக்காக அப்படிக் கேட்க முடியாது என்ற பாதுகாப்பு வரும். இவர்களுக்கு மூன்று வருடம்கூட முடியவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. ஒருநாள் ஐசியூவில் வைத்திருந்தார்கள், அதற்கு ரூ.9,500, வரம்புக்கு உள்ளே. ஐசியூவிலிருந்து வெளியே வரும்போது இரண்டு பேர் அறை காலியாகத்தான் இருந்தது. பழைய அறைக்கே போகலாமா என்று நர்ஸ் கேட்டார், சரி என்றார்கள். அறையை மாற்றிக்கொள்ள இயல்பாக வாய்க்கும் இடம் இதுதான், பொருட்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாற்றச் சொல்லவும் யாருமில்லை. மொத்தம் ஏழு நாள் எட்டாயிரம் ரூபாய் அறை, ஒருநாள் ஐசியூ.

டிஸ்சார்ஜ் அன்று

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். பில் தயாராகி நிறுவனத்துக்குப் போகும்போது மணி ஒன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நிறுவனம் அந்த நேரத்துக்குள் தந்துவிட்டது. அந்த மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி அனுப்பிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும், காலையில் போன நான்கு மணி நேரம் பில்லிங் பிரிவின் கணக்கில்தான் சேரும்.

மொத்த பில் ரூ.3,90,000. ஒப்புதல் ஆனது ரூ.2,36,875. காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சம், பில் அதைத் தொடக்கூட இல்லை, ஆனால் கையிலிருந்து கட்ட வேண்டியது ரூ.1,53,125. மகன் கவுன்ட்டரில் நின்று கேட்டதற்கு "ரூம் எலிஜிபிலிட்டி சார், ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன்" என்று ஒரே வரியில் பதில்.

அங்கே மூன்று முடிவுகள் எடுத்தார். சண்டை போட்டு அப்பாவை இன்னொரு இரவு அங்கேயே வைத்திருக்க வேண்டாம், கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்பது முதலாவது. இன்னொரு நாள் இருந்தால் இன்னொரு நாள் வாடகை, அதிலும் வெட்டு. இரண்டாவது, கிளம்பும் முன் தலைப்பு வாரியாகப் பிரித்த முழு பில், கட்டிய பணத்துக்கு இறுதி ரசீது, இம்ப்ளான்ட்டின், அதாவது உள்ளே பொருத்திய செயற்கை மூட்டின், ஸ்டிக்கரும் விலைப் பட்டியலும், டிஸ்சார்ஜ் சம்மரி, நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் இவை எல்லாவற்றையும் கையில் வாங்குவது. முதலில் கொடுத்த ரசீதில் "முன்பணம்" என்றுதான் இருந்தது, அதை மாற்றித் தரச் சொன்னார், அது பிறகு தேவைப்பட்டது. மூன்றாவது பணம். முன்பணம் போக மிச்சத்தை கிரெடிட் கார்டில் தேய்த்தார், ஆனால் கெடு தேதிக்கு முன்பே அம்மாவின் சங்கிலியை வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கி அதை அடைத்துவிட்டார். கார்டு பாக்கிக்கான வட்டி பெரும்பாலும் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் போகும். நகைக்கடனுக்கு வங்கியில் ஒரு வருடத்துக்கான வட்டியே அதில் சில மாதத்து வட்டிதான்.

பில்லைப் பிரித்துப் பார்த்தபோது

காகிதங்கள் என்னிடம் வந்தது இந்தக் கட்டத்தில்.

அறை வாடகை ரூ.56,000, ஐசியூ ரூ.9,500, அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், விசிட் எல்லாம் சேர்த்து ரூ.95,000, ஆபரேஷன் தியேட்டர் ரூ.42,000, இம்ப்ளான்ட் ரூ.88,000, மருந்து மற்றும் உபயோகப் பொருட்கள் ரூ.61,000, பரிசோதனைகள் ரூ.27,500, பதிவுக் கட்டணம், டயப்பர், கையுறை மாதிரி எந்தப் பாலிசியிலும் பொதுவாகக் கிடைக்காதவை ரூ.11,000.

நிறுவனம் கணக்குப் போட்டது இப்படி. தகுதியான வாடகை ஐயாயிரம், எடுத்த அறை எட்டாயிரம், ஆக விகிதம் 62.5 சதவீதம். கிடைக்காத பதினோராயிரத்தைத் தள்ளியாயிற்று. வாடகையில் நாளுக்கு மூவாயிரம் வீதம் ரூ.21,000 போச்சு. அப்புறம் மிச்சமிருந்த ரூ.3,23,000 முழுவதையும், இம்ப்ளான்ட் மருந்து எல்லாவற்றையும் சேர்த்து, 62.5 சதவீதத்தால் பெருக்கிவிட்டார்கள். அதில் மட்டும் ரூ.1,21,125 காணாமல் போயிற்று.

இந்த விகிதக் கழிவு சட்டவிரோதம் இல்லை. பெரிய அறை எடுத்தால் அதே டாக்டர், அதே தியேட்டருக்கும் ஆஸ்பத்திரிகள் கூடுதலாக வாங்குகின்றன, அந்தக் கூடுதலை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். வாதத்தில் தப்பில்லை. ஆனால் எந்த அறையில் படுத்தாலும் செயற்கை மூட்டின் விலை ஒன்றுதான். அதனால்தான் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஜூனில் பாலிசி நிபந்தனைகளை ஒரே மாதிரி ஆக்கியபோது எல்லை வகுத்தது: மருந்து, உபயோகப் பொருட்கள், இம்ப்ளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் இவற்றில் விகிதக் கழிவு செய்யக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறை வகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியில் எதிலுமே கூடாது. இவர்களுடைய பாலிசி புத்தகத்தைப் புரட்டினால் அதே வாசகம் வரையறைப் பகுதியில் அச்சிட்டிருக்கிறது. நிறுவனம் தன் சொந்தப் புத்தகத்துக்கு எதிராகக் கணக்குப் போட்டிருந்தது. வேண்டுமென்றே செய்ததா, மென்பொருள் செய்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை, ஐசியூ நான்கும் சேர்த்து ரூ.1,86,000. அதில் 37.5 சதவீதம் ரூ.69,750. தவறாக வெட்டியது இவ்வளவு.

புகாரும் பதிலும்

முதலில் மகன் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். "பாலிசி நிபந்தனைப்படிதான் சார்" என்றார்கள். மெயில் அனுப்பினார், அதே வரி எழுத்தில் வந்தது. முழு நியாயத்தையும் ஆதங்கத்தையும் கொட்டி எழுதிய மெயில் அது, வயதான அப்பா, இத்தனை வருடப் பிரீமியம் என்று இரண்டு பக்கம். படிக்கிறவருக்கு அதில் என்ன செய்வது என்று தெரியாது.

அடுத்தது நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரே பக்கம். மேலே கிளெய்ம் எண். கீழே பில்லின் ஒவ்வொரு தலைப்பும், நீங்கள் வெட்டியது, நிபந்தனைப்படி வெட்ட வேண்டியது, வித்தியாசம் என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை. அதற்குக் கீழே பாலிசி புத்தகத்தின் பக்க எண்ணும் அந்த வாசகமும். கடைசியில், ரூ.69,750-ஐ இன்ன வங்கிக் கணக்கில் செலுத்தவும், இறுதி ரசீது இணைத்திருக்கிறேன் என்று ஒரு வரி. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவது என்று முடிவு. தமிழ்நாடும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளும் அந்த அலுவலகத்தின் கீழ் வருகின்றன, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கலாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் அதே புகாரைப் பதிவு செய்தார், அதற்கு 155255 என்ற எண்ணிலும் பேசலாம்.

குறைதீர்ப்பாளர் வரை போகத் தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் கணக்கு மறுபரிசீலனை செய்யப்பட்டது என்று பதில் வந்தது, ரூ.69,750 கணக்கில் ஏறியது. மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை.

மிச்சம் ரூ.51,375 டாக்டர் கட்டணத்திலும் தியேட்டரிலும் போனது. அதையும் விடக் கூடாது என்று மகனுக்கு ஆசை. ஆஸ்பத்திரி எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் வாங்குகிறதென்றால் அதுவும் கிடைக்கும், அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். பில்லிங் மேலாளர் நேர்மையாகக் கட்டண அட்டையை எடுத்துக் காட்டினார்: தியேட்டருக்கும் சர்ஜனுக்கும் சிங்கிள் ரூமில் ஒரு விலை, இரண்டு பேர் அறையில் குறைந்த விலை. ஆக அந்த வெட்டு சரிதான். அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கூடவே ஒரு சின்னத் தொகை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரையிலான மருந்து, எக்ஸ்ரே, டாக்டர் ஃபீஸ் இவற்றுக்கும் பாலிசியில் இடமிருந்தது. இதைப் பலரும் கேட்பதே இல்லை. சீட்டும் பில்லும் தேதிவாரியாக அடுக்கி அனுப்பினார்கள், அதுவும் வந்தது.

கணக்கு எப்படி முடிந்தது

குடும்பத்தின் கையிலிருந்து கடைசியாகப் போனது ரூ.83,375. இதில் பதினோராயிரம் எப்படியும் போயிருக்கும். மீதி ரூ.72,375 அந்த அறைக்குக் கொடுத்த விலை. ஒரு நாளைக்கு மூவாயிரம் கூடுதல் என்று நினைத்தது உண்மையில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்தப் பத்து லட்சம் பாலிசியை எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தார், சரி, போட்டுப் பார்த்தோம். ஏற்கத்தக்க பில் ரூ.3,79,000, அதில் 20 சதவீதம் ரூ.75,800, அதோடு கிடைக்காத ரூ.11,000. மொத்தம் ரூ.86,800. இப்போது போனதைவிட மூவாயிரத்துச் சொச்சம் அதிகம், மூன்று வருடக் கூடுதல் பிரீமியம் தனி. எடுத்த பாலிசி மோசமில்லை. அதே பாலிசியோடு ரூ.4,500 அறையில் இருந்திருந்தால் பதினோராயிரத்தோடு முடிந்திருக்கும். அறை வரம்பு உள்ள பாலிசி எடுக்காதே என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அறை வரம்பு நாம் ஆஸ்பத்திரியில் எடுக்கும் முடிவைப் பொறுத்தது, கோ-பே நாம் என்ன செய்தாலும் போகும். பெரிய நகரத்தில், ஐயாயிரத்துக்குள் அறையே இல்லாத ஆஸ்பத்திரிகள் மட்டும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு.

மாற்றிக்கொண்டவை

முதல் வேலையாக அம்மாவின் போனிலும் பக்கத்து வீட்டுக்காரரின் போனிலும் பாலிசி அட்டையின் படத்தோடு "ரூம் ஒரு நாளைக்கு 5,000-க்குள் மட்டும்" என்று பெரிய எழுத்தில் போட்டுவைத்தார்கள். கவுன்ட்டரில் எவ்வளவு இன்சூரன்ஸ் என்று கேட்டால் ஐந்து லட்சம் என்று சொல்வதற்குப் பதில் இதைக் காட்ட வேண்டும். தகுதியான அறை காலியில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுத்தில் போடச் சொல்லி, காலியானதும் மாறிவிட வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

ஏஜென்ட் சூப்பர் டாப்-அப் எடுக்கச் சொன்னார், ஐந்து லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்கு. எடுத்தார்கள், இதய நோய், புற்றுநோய் மாதிரிப் பெரிய செலவுக்கு அது நல்லது. ஆனால் இந்தத் தடவை போன 83 ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூட அதனால் மிஞ்சியிருக்காது, பில் ஐந்து லட்சத்தைத் தாண்டவே இல்லையே. அறை வரம்பில் விழும் ஓட்டையை டாப்-அப் அடைக்காது.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதைப் பற்றியும் பேசினார்கள். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், சர்க்கரையும் புதிதாக மாற்றிய இடுப்பு மூட்டும் இருக்கிற 64 வயதுக்காரரைப் புது நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் மாறவில்லை. இருக்கிற நிறுவனத்திலேயே காப்பீட்டுத் தொகையைப் பத்து லட்சமாக உயர்த்தக் கேட்டார்கள், அப்போது 1 சதவீதம் பத்தாயிரம் ஆகிவிடும். கூடும் ஐந்து லட்சத்துக்குக் காத்திருப்புக் காலம் புதிதாக ஆரம்பிக்கும், அதுவரை அறை வரம்பும் பழைய தொகைக்குத்தான் என்று நிறுவனம் எழுத்தில் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்றாகிவிட்டதால் நவம்பரில் உயர்த்திய தொகைக்கான பிரீமியம் பயந்த அளவுக்கு ஏறவில்லை, கட்டிவிட்டார்கள். போனில் இருக்கும் அந்தப் படத்தில் 5,000 என்பதை இன்னும் மாற்றவில்லை, காத்திருப்புக் காலம் முடிகிற தேதியை அதன் கீழே எழுதியிருக்கிறார்கள்.